கலப்பின சின்ன நாய்க்கு லைஃப் ஜாக்கெட்: தராசை விடுங்கள், இஞ்ச் டேப்பை எடுங்கள்

ஒரு பொமரேனியன் கலப்பு, ஒரு டாஷ்ஹவுண்ட் கலப்பு. தராசில் இரண்டும் 8 கிலோ. முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி இஞ்ச் டேப்பைப் பிடித்தால் முதல் நாய்க்கு 42 செ.மீ., இரண்டாவதுக்கு 50 செ.மீ. என்று வரலாம். ஆன்லைனில் விற்கும் நாய் லைஃப் ஜாக்கெட்டுகள் பலவற்றில் "5 முதல் 10 கிலோ வரை ஸ்மால்" என்று ஒரே வரியோடு கதை முடிந்துவிடும். அந்த வரியை நம்பி இரண்டு நாய்க்கும் ஒரே ஜாக்கெட்டை மாட்டினால் ஒன்றுக்கு அக்குள் புண்ணாகும். இன்னொன்று தண்ணீருக்குள் இரண்டு முறை பின்னுக்கு இழுத்தாலே தலை வழியாகக் கழன்று வெளியே வந்துவிடும். கழன்ற ஜாக்கெட் ஒரு பக்கம் மிதக்கும், நாய் இன்னொரு பக்கம் தத்தளிக்கும்.

தனி இன நாய் என்றால் அந்த இனத்தின் சராசரி உடல்வாகை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். கலப்பினத்துக்கு அது செல்லாது. தாயின் நெஞ்சும் தகப்பனின் காலும் சேர்ந்து வந்திருக்கும். அதனால் இங்கே ஜாக்கெட்டுகளை எடைபோட்டிருப்பது விளம்பரப் படத்தை வைத்தல்ல. நெஞ்சுச் சுற்றளவுக்கு எவ்வளவு ஒட்டி நிற்கிறது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் உடல் மட்டமாக வருகிறதா, மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்ற மூன்றுதான் அளவுகோல்.

எல்லா நாய்க்கும் நீந்தத் தெரியும் என்ற தவறான நம்பிக்கையை முதலில் தீர்த்துவிடலாம். எல்லா நாயும் தண்ணீரில் விழுந்ததும் காலை அடிக்கும், அது பிறவிக் குணம். காலை அடிப்பதும் நீந்துவதும் ஒன்றல்ல. பக் கலப்பு, ஷிட்சூ கலப்பு போன்ற சப்பை மூக்கு நாய் மூச்சுவிட வேண்டுமென்றால் தலையை வானத்தைப் பார்த்து அண்ணாத்த வேண்டும். தலை நிமிர்ந்ததும் இடுப்பு இறங்கும், உடல் செங்குத்தாகும், முன்கால்கள் தண்ணீரைப் படபடவென்று அறையும். பார்ப்பவருக்கு அது விளையாட்டாகத் தெரியும். உண்மையில் அது மூழ்குவதற்கு முந்தைய நிலை. டாஷ்ஹவுண்ட் கலப்புக்கு நீளமான உடலைத் தள்ளக் கால் நீளம் போதாது, சீக்கிரம் களைத்துவிடும். கொழுப்பே இல்லாத ஒல்லியான நாட்டுக் கலப்பு நன்றாகவே நீந்தும், ஆனால் நீந்துவதை நிறுத்திய நொடியில் அமிழும். பொமரேனியன் கலப்பின் இரட்டை அடுக்கு மயிர் முதல் ஒன்றிரண்டு நிமிடம் காற்றைப் பிடித்துவைத்து நாயை மிதக்கவைக்கும். உள்மயிர் நனைந்ததும் அதே மயிர் சுமையாகிவிடும். தொடக்கத்தில் நன்றாக நீந்திய நாய் நடுக்குளத்தில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

இனி ஜாக்கெட்டுகள்.

ரஃப்வேர் நிறுவனத்தின் ஃப்ளோட் கோட்தான் இந்த வகையில் அதிகம் பேசப்படுவது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பெண்ட் என்ற ஊரைச் சேர்ந்த நிறுவனம் அது. உள்ளே மூடிய அறை ஃபோம், அதாவது தண்ணீர் உறிஞ்சாத வகை, பலகை பலகையாகப் பிரித்து வைத்துத் தைத்திருக்கிறார்கள். ஒரே தட்டையான ஃபோமாக இல்லாததால் நாயின் விலாவோடு சேர்ந்து வளையும். முதுகில் தாழ்வாக, தடிமனான ஒரே கைப்பிடி. ஓரங்களில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை. சின்ன விளக்கைக் கோக்க ஒரு வளையமும் உண்டு. என் கணிப்பில் இதன் பெரிய பலம் இவை எதுவுமில்லை, அளவுப்பட்டியல்தான். அது நெஞ்சுச் சுற்றளவை அடிப்படையாகக் கொண்டது. எக்ஸ்எக்ஸ்எஸ் 33 முதல் 43 செ.மீ., எக்ஸ்எஸ் 43 முதல் 56, எஸ் 56 முதல் 69. கலப்பின நாய் வைத்திருப்பவருக்கு வேண்டிய எண் இதுதான்.

அந்த எண்ணை எடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பொமரேனியன் கலப்பை உலர்ந்த மயிரோடு, டேப்பைத் தளர்வாக வைத்து அளந்தால் 46 வரும். பட்டியலில் அது எக்ஸ்எஸ். தண்ணீரில் நனைந்து மயிர் ஒட்டியதும் அதே நெஞ்சு 42. இப்போது அது எக்ஸ்எக்ஸ்எஸ். உலர்ந்த அளவுக்கு வாங்கிய ஜாக்கெட் வீட்டு வரவேற்பறையில் கச்சிதமாக இருக்கும், குளத்தில் தொளதொளவென்று சுற்றும். எனவே குளிப்பாட்டும் நாளில், சோப்பைக் கழுவி முடித்ததும், துடைப்பதற்கு முன் அளந்துவிடுங்கள். முன்கால் முட்டிக்குச் சற்றுப் பின்னால், விலா அகலமாக இருக்கும் இடத்தில் டேப் தோலை ஒட்டிச் சுற்ற வேண்டும், அழுத்தக் கூடாது. கழுத்துச் சுற்றளவையும், தோள்பட்டை மேட்டிலிருந்து வால் தொடங்கும் இடம் வரையிலான முதுகு நீளத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அளவு இரண்டு சைஸுக்கு நடுவே, 43 போல வந்தால், ஒடுங்கிய நெஞ்சுள்ள நாய்க்குச் சிறியதும், பீப்பாய் போல உருண்ட நெஞ்சுக்குப் பெரியதும் பொருந்தும்.

ஃப்ளோட் கோட்டின் குறை சப்பை மூக்கு நாய்களிடம் தெரியும். தாடையைத் தாங்கும் முன்மிதவை இதில் கிடையாது. மூக்கு நீண்ட நாய்க்கு அது தேவையில்லை, கழுத்து சுதந்திரமாக இருப்பதே நல்லது. பக் கலப்புக்கும் ஷிட்சூ கலப்புக்கும் அது குறைதான். விலையும் சின்னதல்ல. அமெரிக்க விலையே 100 டாலரை ஒட்டி வரும், இங்கே இறக்குமதியாக வாங்கினால் அதற்கு மேல். வருடத்துக்கு ஒருமுறை நீச்சல்குளம் உள்ள பண்ணைவீட்டுக்குப் போகும் குடும்பம் அவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் தண்ணீர் பார்க்கும் நாய் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

அவுட்வார்ட் ஹவுண்ட் நிறுவனத்தின் கிரான்பி வேறு வழியில் போகிறது. கழுத்துக்கு முன்னால் தாடையைத் தாங்கும் மிதவை ஒன்று உண்டு. நாய் களைத்துத் தலையைத் தொங்கவிட்டாலும் தாடை அந்த மிதவைமேல் வந்து உட்காரும், மூக்கு வெளியே நிற்கும். சப்பை மூக்குக் கலப்புகளுக்கு இதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஃப்ளோட் கோட்டைவிட விலையும் கணிசமாகக் குறைவு. ஆனால் இந்த மிதவை எல்லா நாய்க்கும் வரமல்ல. கழுத்து குட்டையான சின்ன நாய்க்குத் தரையில் குனியும்போது அது தொண்டையில் முட்டும், நாய் நடக்கவே மறுக்கும். மாட்டிவிட்டு ஒரு கிண்ணத்தில் சாப்பாடு வைத்துப் பாருங்கள். தலையைக் குனிந்து சாப்பிட முடிந்தால் பொருத்தம் சரி.

மூன்றாவது வகைதான் சந்தையில் அதிகம் கொட்டிக்கிடக்கிறது. முதுகில் சுறாத் துடுப்பு, கடற்கன்னி வால் என்று அலங்காரம் செய்து, ஒரே அச்சில் வார்த்தது போலப் பல பெயர்களில் வரும் மலிவான ஜாக்கெட்டுகள். எல்லாமே மோசம் என்று ஒதுக்கத் தேவையில்லை. சிலவற்றில் ஃபோம் நன்றாகவே இருக்கும். கோளாறு இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று கைப்பிடி. துடுப்புக்கு இடம்விட வேண்டுமென்று கைப்பிடியை இடுப்புப் பக்கம் தள்ளிவிடுகிறார்கள், அல்லது துடுப்புக்கு அடியில் மறைத்துவிடுகிறார்கள். நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்கால்கள்மேல் நிற்கிறது. கைப்பிடி தோளுக்குச் சற்றுப் பின்னால் இருந்தால்தான் தூக்கும்போது உடல் மட்டமாக வரும். இடுப்பில் இருந்தால் தலை கவிழும், காப்பாற்றத் தூக்கும் கையே மூக்கைத் தண்ணீருக்குள் அமுக்கும். இரண்டாவது கோளாறு வயிற்றுப் பக்கம். அகலமான துணிப்பட்டை இல்லாமல் இரண்டு வார்கள் மட்டும் இருந்தால் தூக்கும்போது முழு எடையும் அந்த இரண்டு கோட்டில் விழும். நாய் வலியில் துள்ளும், துள்ளினால் நழுவும்.

காற்று ஊதி நிரப்பும் வகையை எதற்காகவும் வாங்க வேண்டாம். நாயின் நகம் போதும் அதைக் கிழிக்க.

மனிதர்கள் அணியும் லைஃப் ஜாக்கெட்டுக்கு அரசுத் தரச் சான்று உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படை சோதித்து ஒப்புதல் கொடுக்கிறது. நாய் ஜாக்கெட்டுக்கு அப்படியொரு ஒப்புதலை அது தருவதில்லை. அதனால் எந்த ஜாக்கெட்டாக இருந்தாலும், எந்த விலையாக இருந்தாலும், சோதனையை வீட்டில் நாமேதான் செய்தாக வேண்டும். கடினமான வேலை ஒன்றுமில்லை.

தேவை ஒரு பிளாஸ்டிக் டிரம் தண்ணீரும், மளிகைக்கடையில் இருக்கும் 1 கிலோ இரும்பு எடைக்கல்லும். பெரிய ஆளின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கக் கூடுதலாக 3 முதல் 5.5 கிலோ வரை மிதவை போதும் என்பது அந்தக் காவல்படையின் கணக்கு. 70 கிலோ ஆளுக்கு இது உடல் எடையில் 5 முதல் 8 சதவீதம். அதே விகிதத்தில் 8 கிலோ நாய்க்கு 400 முதல் 650 கிராம் வரை வருகிறது. இரும்புக்கல் தண்ணீருக்குள் போனதும் தன் எடையில் ஏழில் ஒரு பங்கை இழக்கும், 1 கிலோ கல் சுமார் 860 கிராமாக இழுக்கும். ஜாக்கெட்டின் பக்கிள்களை மாட்டி, வயிற்று வாரில் அந்தக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். முதுகுப் பக்கம் தண்ணீருக்கு மேலே தெரியும்படி மிதந்தால் 8, 9 கிலோ நாய்க்கு அந்த ஃபோம் தாராளம். கருங்கல்லைக் கட்டாதீர்கள். அது தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை குறையும், கணக்கு தப்பிவிடும்.

அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மூடிய அறை ஃபோம் என்றால் காலையிலும் அதே உயரத்தில் நிற்கும். உள்ளே சாதாரண ஸ்பாஞ்சை வைத்துத் தைத்திருந்தால் விடிவதற்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும், அல்லது கல்லோடு அடியில் கிடக்கும். அப்படிப்பட்டதைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். வாங்கும்போதே, நனைத்த பொருளைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது கைப்பிடி. நாய்க்கு ஜாக்கெட்டை மாட்டி, மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குக் கைப்பிடியால் தூக்கிப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். முதுகு தரைக்கு மட்டமாக இருக்கிறதா, வார் அக்குளை அறுக்கிறதா, கைப்பிடி தைத்த இடத்தில் துணி இழுபட்டு நூல் தெரிகிறதா என்று கவனியுங்கள். நனைந்த நாயின் மயிரிலும் ஜாக்கெட் துணியிலும் தண்ணீரின் எடை சேரும், ஆகவே உலர்ந்த நிலையில் திணறும் கைப்பிடி தண்ணீரில் நிச்சயம் கைவிடும். டாஷ்ஹவுண்ட் ரத்தம் உள்ள நாய்க்கு முதுகுத்தண்டு வட்டு பிதுங்கும் நோய் அதிகம். ஒற்றைக் கைப்பிடியால் முழு உடலையும் தொங்கவிடக் கூடாது. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை பின்தொடைக்கு அடியில் இருக்க வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு கைப்பிடி உள்ள மாதிரி கிடைத்தால் அந்த நாய்க்கு அதுவே மேல்.

கழன்று வருகிறதா என்று பார்க்க இன்னொரு சோதனை. எல்லா வார்களையும் மாட்டி, வாருக்கும் உடலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள். நாய்க்கு முன்னால் உட்கார்ந்து, முதுகு வளையத்தைப் பிடித்து ஜாக்கெட்டைத் தலைப் பக்கமாக மெதுவாக இழுங்கள். நாயின் முழங்கை கழுத்துத் துளைக்குள் வர ஆரம்பித்தால் சைஸ் பெரிது. ஆண் நாய் என்றால் கடைசி வார் சிறுநீர் கழிக்கும் இடத்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும். முதுகு நீளத்தை அளந்தது இதற்காகத்தான். வெல்க்ரோ உள்ள மாதிரிகளில் பொமரேனியன் கலப்பின் மயிர் சிக்கிப் பிய்ந்துவரும். வெல்க்ரோவின் முள்பக்கம் வெளியே பார்த்தபடி இருக்கும் வடிவங்களைத் தவிர்க்கலாம்.

நிறம் அழகுக்கான சங்கதி அல்ல. ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் நன்றாகத் தெரியும். நீலமும் சாம்பலும் பாசி பிடித்த கண்மாயில் பத்தடி தள்ளியே தெரியாது.

ஜாக்கெட் வந்த அன்றே தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் ஐந்து ஐந்து நிமிடம் மாட்டி, தின்பண்டம் கொடுத்துக் கழற்றுங்கள். மரம்போல நின்றுவிடும் நாய் பழகியதும் நடக்கும். பிறகு தண்ணீர் வயிற்றைத் தொடும் ஆழத்தில் நிற்கவிடுங்கள். கழுத்துப் பட்டையையும் சாதாரண ஹார்னஸையும் கழற்றிவிட வேண்டும், வேரிலோ ஏணியிலோ மாட்டிக்கொண்டால் அவையே எமன். 3 முதல் 5 மீட்டர் நீளமுள்ள இலேசான கயிற்றை ஜாக்கெட்டின் முதுகு வளையத்தில் கோத்துக்கொள்ளுங்கள். ஆழத்துக்குள் போகும்போது ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து இடுப்பை உயர்த்துங்கள். இடுப்பு மேலே வந்ததும் முன்கால் தண்ணீரை அறைவதை விட்டுவிட்டு உள்ளுக்குள் துழாவ ஆரம்பிக்கும். அந்த மாற்றம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், சத்தமும் அடங்கிவிடும். முதல் நாள் ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை போதும். தூக்கித் தண்ணீரில் எறிந்தால் தானே கற்றுக்கொள்ளும் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படி எறியப்பட்ட நாய் தண்ணீரைக் குடிக்கும், பயப்படும், அதன்பிறகு குளிக்கக்கூட வராது.

நீந்தக் கற்பதைவிடப் பெரிய பாடம் வெளியேறக் கற்பது. நீச்சல்குளத்தில் விழுந்த சின்ன நாய் விழுந்த இடத்திலேயே ஏற முயன்று, வழுக்கும் டைல்ஸ் ஓரத்தைப் பிராண்டிக் களைத்துப்போகும். படிக்கட்டு இருபதடி தள்ளித்தான் இருக்கும், ஆனால் நாய்க்கு அது தெரியாது. குளத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு முறையும் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், படியில் கால் பட்டதும் பாராட்டி, பத்துப் பதினைந்து முறை பழக்குங்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு உயரமான செடித்தொட்டியை நிரந்தரமாக வைத்தால் தண்ணீருக்குள் இருந்தபடியே நாய் அதை அடையாளம் வைத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் சின்ன நாய்களுக்கு நீச்சல்குளத்தைவிட ஆபத்தானது பண்ணைக்குட்டை. தண்ணீர் உறிஞ்சாமல் இருக்க அடியிலும் சரிவிலும் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பார்கள். சில வாரத்தில் அதன்மேல் வழவழப்பான பாசி படரும். தண்ணீர் குடிக்க இறங்கும் நாய் ஓரத்திலேயே வழுக்கி உள்ளே போகும். அதன்பிறகு எவ்வளவு நன்றாக நீந்தினாலும் நகம் பதிய அங்கே ஒரு பிடிமானமும் இல்லை. ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். காவலுக்கு நிற்கும் நாய் எப்போதும் ஜாக்கெட்டோடு இருக்க முடியாது, அதனால் இங்கே தீர்வு குட்டையில்தான். நான்கு பக்கச் சரிவிலும் மேலே முளையடித்து, தண்ணீருக்குள் 3 அடி இறங்கும்படி தென்னை நார்ப் பாயோ பழைய மீன்வலையை முறுக்கிய கயிற்றேணியோ கட்டிவிடுங்கள். பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து இறக்கினாலும் சரி. தண்ணீர் மட்டம் இறங்க இறங்கக் கீழே வரை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டிய பாய் பங்குனியில் அந்தரத்தில் தொங்கினால் பயனில்லை. அந்த ஏற்பாடு நாயோடு சேர்த்து, தவறி விழும் குழந்தைக்கும் ஒரு பிடி.

கைப்பிடிச்சுவர் இல்லாத திறந்த கிணற்றுக்கு வேலி ஒன்றே வழி, அதில் ஜாக்கெட்டைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வாய்க்கால்களில் கவனிக்க வேண்டியது மதகு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அதன்பிறகு டெல்டா வாய்க்கால்களில் தண்ணீர் நிரம்பி ஓடும்போது மதகின் உறிஞ்சலில் சிக்கிய 8 கிலோ உடலை எந்த ஃபோமும் நிறுத்தாது. தடுப்பணைக்குக் கீழே நுரைத்துச் சுழலும் இடமும் அப்படித்தான். மேலே மிதப்பதை உள்ளே இழுத்து அதே இடத்தில் சுற்றவிடும். கடலில், வங்கக் கரையில் அலை உடையும் இடம் செங்குத்தாக இறங்குவதால், சின்ன நாயை முதல் அலையே புரட்டிப்போட்டு உள்ளே இழுக்கும். கழிமுகத்தின் அமைதியான ஓரம்தான் அதற்கான இடம், அங்கேயும் கயிறு கையில் இருக்க வேண்டும். நாயைக் காப்பாற்றத் தானே குதிக்கிற ஆள் மூழ்கிப்போவது உண்டு. கயிறு இருந்தால் குதிக்கத் தேவை வராது.

பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போலத் தேங்கிய தண்ணீர் தெரிந்தால் கால்கூட நனைக்கவிடாதீர்கள். நீலப்பச்சைப் பாசி நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும். எலி நடமாடும் தேக்கங்களில் லெப்டோஸ்பைரோசிஸ் இருக்கும். ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதி இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. பந்தை வாயில் கவ்விக்கொண்டு நீந்தும் நாய் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்குகிறது. சின்ன உடலுக்கு அது சீக்கிரம் அளவை மீறிவிடும். நல்ல தண்ணீர் என்றால் ரத்தத்தில் சோடியம் சரியும், உப்புத் தண்ணீர் என்றால் ஏறும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, குடித்தவன்போலத் தள்ளாடினால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்தது வலிப்புதான். பந்துக்குப் பதில் வாயை அதிகம் திறக்கத் தேவையில்லாத தட்டையான பொம்மை கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றிச் சிறுநீர் கழிக்கவிடுங்கள். கடற்கரைக்குக் குடிதண்ணீரைத் தனியாகக் கொண்டுபோங்கள்.

கரையேறியதும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். வெயிலில் ஃபோம் போர்வைபோலச் சூட்டைப் பிடித்துவைக்கும், தண்ணீரில் குளிர்ந்த நாய் மணலில் கொதித்துப்போகும். நாயை நல்ல தண்ணீரில் அலசி, பொமரேனியன் கலப்பின் உள்மயிரை வேர்வரை உலர்த்துங்கள். மேலே உலர்ந்து உள்ளே ஈரம் நின்றால் இரண்டு நாளில் தோல் சிவந்து கசியும். காதின் உட்புறத்தை மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள், பஞ்சுக் குச்சி வேண்டாம். மறுநாள் வால் உயிரில்லாமல் தொங்கினால் பயப்பட வேண்டாம். அதிகம் நீந்தியதால் வால் தசை பிடித்துக்கொண்டது அது. ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும், வலி கடுமையாகத் தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

மூழ்கி எடுக்கப்பட்ட நாய் மூச்சுவிடவில்லை என்றால், வாயில் இருப்பதை விரலால் எடுத்து, தலையைத் தாழ்த்திச் சில நொடி பிடியுங்கள், தண்ணீர் வழியட்டும். வயிற்றை அமுக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சை ஒரே கையின் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடித்து, நாயின் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை உள்ளே போகும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக, நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும் ஊதுங்கள். கால்நடை மருத்துவர்கள் பின்பற்றும் ரெக்கவர் வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது. பிழைத்து எழுந்து வாலாட்டினாலும் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் மூச்சைத் திணறடிக்கும்.

ஜாக்கெட்டைப் பேணுவது எளிது. கடலோ குளோரினோ, எதில் நனைந்தாலும் நல்ல தண்ணீரில் அலசி, பக்கிள் பற்களுக்குள் நுழைந்த மணலைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள். காரின் பின் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் மடித்துப் போட்டால் ஃபோம் நசுங்கி, மிதவை குறையும். ஆண்டுக்கு ஒருமுறை, கோடை விடுமுறைக்கு முன், அதே டிரம்மில் அதே இரும்புக்கல்லைக் கட்டிப் பாருங்கள், நாயின் நெஞ்சையும் மறுபடி அளந்துவிடுங்கள். கைப்பிடித் தையலில் நூல் பிரிந்திருந்தால் தையற்காரரிடம் கொடுத்து ஒட்டுப் போடாதீர்கள். வேறு யாரும் எடுத்து நாய்க்கு மாட்டிவிடாதபடி வார்களை வெட்டிவிட்டுத் தூக்கிப்போடுங்கள்.